அத்தியாயம் 7: கார்டை ஆப்பில் இணைக்கும் முன்பு

கிரெடிட் கார்டைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கக் கூடாது என்பது கார்டு வைத்திருக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியும். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். தனியாக ஒரு கட்டணமும் விழும். ஆனால் ஏடிஎம் பக்கமே போகாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் நாலு தட்டு தட்டி அதே கட்டணத்தைக் கட்ட வேண்டிய நிலை வரலாம். வாலட்டில் பணம் ஏற்றுவது, வெளிநாட்டுப் பணம் வாங்குவது, பணம் அனுப்பும் சேவையில் கார்டைக் கொடுப்பது போன்றவற்றில் சிலவற்றை வங்கி 'ரொக்கம் எடுத்த'தாகவே கணக்கில் எழுதிக்கொள்கிறது. ஓடிபி போடும் நேரத்தில் திரையில் இதைப் பற்றி ஒரு வரிகூடப் பெரும்பாலும் இருக்காது. ஸ்டேட்மென்ட் வரும்போதுதான் தெரியும்.

இந்தச் செலவைத் தவிர்க்க ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்: கார்டிலிருந்து போகும் இந்தப் பணம் ஒரு பொருளாகவோ சேவையாகவோ மாறுகிறதா, இல்லை வேறோர் இடத்தில் மறுபடி பணமாகவே உட்காருகிறதா? பணமாகவே உட்கார்ந்தால் நிறுத்தி, விசாரித்து, பிறகு செலுத்துங்கள். எப்படி விசாரிப்பது, யாரிடம் விசாரிப்பது, கட்டணம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

கேஷ் அட்வான்ஸ்: வித்தியாசம் எங்கே?

கடையில் கார்டு தேய்த்தால் அது கொள்முதல். பில் தேதி வரைக்கும், அதற்குப் பிறகு கெடு தேதி வரைக்கும் வட்டி கிடையாது. முந்தைய மாதப் பாக்கி எதுவும் இல்லாமல் இருந்தால், வாங்கிய நாளைப் பொறுத்து ஏறக்குறைய 20 முதல் 50 நாள் வரை இந்தச் சலுகை கிடைக்கும்.

கேஷ் அட்வான்ஸ் எனப்படும் ரொக்க முன்பணத்துக்கு இந்தச் சலுகை ஒரு நாள்கூடக் கிடையாது. இந்தியாவில் பெரும்பாலான கார்டுகளில் நிலவரம் இதுதான்:

- கட்டணம்: எடுத்த தொகையில் 2.5 சதவீதம் அல்லது 500 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது.
- வட்டி: பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து. பல கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம்.
- ஜிஎஸ்டி: கட்டணத்துக்கும் வட்டிக்கும் சேர்த்து 18 சதவீதம்.
- ரிவார்டு பாயிண்ட்: பொதுவாகக் கிடையாது.

உங்கள் கார்டின் மொத்த லிமிட்டுக்குள்ளேயே 'கேஷ் லிமிட்' என்று தனியாக ஒரு சின்ன லிமிட் இருக்கும். ரொக்கமாகக் கணக்கிடப்படும் எதுவும் அதிலிருந்துதான் கழியும். பின்னால் கண்காணிப்பதற்கு இது உதவும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வாலட்டில் 10,000 ரூபாய் ஏற்றுகிறீர்கள். அதை வங்கி ரொக்கமாக எடுத்துக்கொண்டது. பணத்தை 40 நாள் கழித்துத் திருப்பிக் கட்டுகிறீர்கள். வட்டி மாதம் 3.75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

- கட்டணம்: 2.5 சதவீதப்படி 250 ரூபாய்தான். ஆனால் குறைந்தபட்சம் 500 என்பதால் 500 ரூபாய்.
- கட்டணத்துக்கு ஜிஎஸ்டி: 90 ரூபாய்.
- வட்டி: நாளொன்றுக்கு 12 ரூபாய் 33 காசு. 40 நாளுக்கு 493 ரூபாய்.
- வட்டிக்கு ஜிஎஸ்டி: 89 ரூபாய்.

மொத்தம் 1,172 ரூபாய். பத்தாயிரத்தை நாற்பது நாள் புரட்டியதற்கு இவ்வளவு.

தொகை சின்னதாக இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். 2,000 ரூபாய் மட்டும் ஏற்றியிருந்தாலும் அதே 500 கட்டணம், அதே 90 ஜிஎஸ்டி. 40 நாள் வட்டியும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து 116. ஆக, இரண்டாயிரத்துக்கு 706 ரூபாய். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். "சின்னத் தொகைதானே, என்ன ஆகிவிடப் போகிறது" என்ற நினைப்பைத்தான் இந்தக் குறைந்தபட்சக் கட்டணம் பதம் பார்க்கிறது.

யார் முடிவு செய்கிறார்கள்?

கார்டு வாங்கும் ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. வணிக வகைக் குறியீடு என்று இதற்குப் பெயர். வங்கி வட்டாரத்தில் சுருக்கமாக எம்சிசி என்பார்கள். மளிகைக் கடைக்கு ஒன்று, பெட்ரோல் பங்க்குக்கு ஒன்று, மருந்துக் கடைக்கு ஒன்று. ஏடிஎம்முக்கு 6011. பணம் அனுப்பும் சேவைக்கு 4829. வெளிநாட்டு நாணயம், பயணக் காசோலை, கிரிப்டோ போன்ற 'ரொக்கத்துக்கு ஈடான' பொருள்களுக்கு 6051. வாலட், ப்ரீபெய்டு கார்டு போன்றவற்றில் பணம் ஏற்றுவதற்கு 6540. வாடகை வாங்கித் தரும் சேவைகள் பெரும்பாலும் 6513இல் வரும்.

இந்தக் குறியீட்டை வணிகருக்குக் கொடுப்பது அவருடைய வங்கி. எந்தத் தொழிலுக்கு எந்த எண் என்ற விதியை வகுப்பது விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு வலையமைப்புகள். அந்த எண் வந்தால் அதைக் கொள்முதலாக எடுப்பதா, ரொக்கமாக எடுப்பதா, எவ்வளவு வசூலிப்பது என்று தீர்மானிப்பது உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. இந்த மூவரில் பேமெண்ட் ஆப் இல்லை. அதனால்தான் ஆப்பின் கஸ்டமர் கேரில் "எங்கள் பக்கம் எந்தக் கட்டணமும் இல்லை, சார்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் கட்டணம் விழுவதும் உண்மையாக இருக்கலாம். ஒரே ஆப், ஒரே தொகை. ஒரு வங்கியின் கார்டில் கட்டணம் இல்லை, இன்னொரு வங்கியின் கார்டில் உண்டு. நண்பருக்கு விழவில்லை என்பதை வைத்து உங்களுக்கும் விழாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

நேற்று வரை கட்டணம் இல்லாதது இன்று மாறவும் கூடும். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். காயின்பேஸ் என்ற கிரிப்டோ தளத்தில் கிரெடிட் கார்டைக் கொடுத்து பிட்காயின் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவரை அது சாதாரணக் கொள்முதல். கார்டு வலையமைப்புகள் அந்தப் பரிவர்த்தனைகளுக்கான குறியீட்டை மாற்றியதும், வங்கிகள் அவற்றை ரொக்க முன்பணமாகக் கணக்கிட்டுக் கட்டணமும் உடனடி வட்டியும் போடத் தொடங்கின. வாங்குபவரின் பக்கம் எதுவும் மாறவில்லை. அதே பட்டன், அதே கார்டு.

கவனிக்க வேண்டிய நான்கு இடங்கள்

*வாலட்.* முழு கேஒய்சி முடித்த வாலட்டில் இருக்கும் பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியும். கார்டிலிருந்து வாலட், வாலட்டிலிருந்து வங்கி என்று சுற்றினால் கையில் காசு வந்துவிடும். வங்கிகள் வாலட்டைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். சில கார்டுகளில் இது ரொக்க முன்பணம். வேறு சிலவற்றில் கொள்முதலாகவே வைத்துக்கொண்டு 'வாலட் லோடு' கட்டணம் மட்டும் வாங்குகிறார்கள். எச்டிஎஃப்சி வங்கி 2025 ஜூலை முதல் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாலட்டில் ஏற்றினால் 1 சதவீதம் வாங்குகிறது. எஸ்பிஐ கார்டு 2025 நவம்பர் முதல் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஏற்றத்துக்கு 1 சதவீதம் வாங்குகிறது. இந்த 1 சதவீதமும் ரொக்க முன்பணமும் ஒன்றல்ல என்பதைப் பிரித்துப் பாருங்கள். 15,000 ரூபாய்க்கு 1 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 177 ரூபாய். கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டினால் வட்டி கிடையாது. அதுவே ரொக்க முன்பணமானால் 590 ரூபாயில் தொடங்கி, நாளுக்கு நாள் வட்டி ஏறும்.

*வாடகை.* வாடகை என்ற பெயரில் ஆப் வழியாகக் கார்டிலிருந்து வீட்டிலிருப்பவர் கணக்குக்கோ நண்பர் கணக்குக்கோ பணம் அனுப்பி எடுத்துக்கொள்ளும் பழக்கம் பெருகியபோது, வங்கிகள் தனிக் கட்டணம் வைத்தன. ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபரில் 1 சதவீதம் என்று தொடங்கியது. எஸ்பிஐ கார்டு அதே ஆண்டு நவம்பரில் 99 ரூபாய் என்று வைத்து, 2023 மார்ச்சில் 199 ஆக உயர்த்தியது. 2025 செப்டம்பரில் வணிகர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி புதிய விதிகள் கொண்டுவந்த பிறகு, பல ஆப்கள் கார்டு வழி வாடகைச் சேவையையே நிறுத்திவிட்டன. இன்னும் நடத்தும் ஆப் கிடைத்தால், ஆப்பின் கட்டணம் ஒன்று, கார்டின் கட்டணம் ஒன்று என இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

*யுபிஐ.* ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைக்க 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. கடைக்காரரின் க்யூஆரை ஸ்கேன் செய்து பொருள் வாங்கினால் அது கொள்முதல்தான். தனிநபருக்கு அனுப்ப முடியாது. முயன்றால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். இங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. "கார்டுல ஸ்கேன் பண்ணுங்கண்ணே, ரெண்டு பர்சன்ட் புடிச்சுக்கிட்டுக் கையில காசு தர்றேன்" என்று சொல்லும் கடைகளுக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். அது விதிக்குப் புறம்பு. வங்கி கண்டுபிடித்தால் கார்டையே முடக்கலாம்.

*பணம் அனுப்பும் சேவை.* வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் உறவினர்களும் ஊருக்குப் பணம் அனுப்பும்போது கிரெடிட் கார்டைக் கொடுத்தால், அவர்களுடைய வங்கி அதை ரொக்கமாக எடுக்க வாய்ப்பு அதிகம். வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகளே இந்த எச்சரிக்கையைத் தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் வென்மோ என்ற பணம் அனுப்பும் ஆப்பில் கிரெடிட் கார்டு வழியாக ஒருவருக்குப் பணம் அனுப்பினால் வென்மோவுக்கு 3 சதவீதம். அதற்கு மேல் கார்டு வங்கி தனியாகப் போடலாம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பணம் அனுப்ப வங்கிக் கணக்கையோ டெபிட் கார்டையோ இணைத்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும் முன் செய்ய வேண்டியவை

1. *கட்டணப் பட்டியலைத் திறங்கள்.* ஒவ்வொரு வங்கியும் தன் இணையதளத்தில் 'மிக முக்கிய விதிமுறைகள்' என்ற ஆவணத்தை வைத்திருக்கும். எம்ஐடிசி என்று தேடினால் கிடைக்கும். முழுக்கப் படிக்க நேரமில்லாவிட்டால் நான்கு சொற்களை மட்டும் தேடுங்கள்: கேஷ் அட்வான்ஸ், குவாசி கேஷ் (ரொக்கத்துக்கு ஈடானது), வாலட், ரென்ட். 'குவாசி கேஷ்' என்ற தலைப்பின் கீழ்தான் பல நேரங்களில் நமக்குத் தேவையான வரி இருக்கும்.

2. *வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.* ஆப்பிடம் கேட்பதில் பயனில்லை. வங்கியின் மின்னஞ்சலிலோ சாட்டிலோ இப்படிக் கேளுங்கள்: "என் கார்டைப் பயன்படுத்தி இந்த ஆப்பின் வாலட்டில் பணம் ஏற்றினால், அது கொள்முதலா, கேஷ் அட்வான்ஸா? என்ன கட்டணம்? வட்டி எந்த நாளிலிருந்து?" வரும் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனில் வாய்வார்த்தையாகச் சொன்னது பின்னால் கைகொடுக்காது.

3. *ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்காதீர்கள்.* குறைந்தபட்சக் கட்டணம் 500 ரூபாய் என்பதை மறக்க வேண்டாம். ஒரு ரூபாய்ச் சோதனை 590 ரூபாயில் முடியலாம்.

4. *கேஷ் லிமிட்டைக் குறையுங்கள்.* சில வங்கிகள் கேட்டால் கேஷ் லிமிட்டைக் குறைத்தோ பூஜ்யமாக்கியோ தருகின்றன. அப்போது ரொக்கமாக வரும் பரிவர்த்தனை பெரும்பாலும் நிராகரிக்கப்படும். வங்கி ஆப்பில் ஏடிஎம் வசதியை அணைப்பது இதற்கு ஈடாகாது; வாலட் ஏற்றம் ஆன்லைன் பரிவர்த்தனையாக வருவதால் அந்தத் தடையைத் தாண்டிப் போய்விடலாம்.

5. *முதல் தேர்வு எது என்று பாருங்கள்.* ஒரே ஆப்பில் வங்கிக் கணக்கு, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு மூன்றும் இருந்தால், எது தானாக முன்னால் வந்து நிற்கிறது என்று பார்த்து மாற்றுங்கள். 'இருப்பு குறைந்தால் தானாக ஏற்று' என்ற வசதியில் கிரெடிட் கார்டை வைக்கவே வேண்டாம்.

6. *தேவையில்லாத இணைப்பை நீக்குங்கள்.* 2022 அக்டோபர் முதல் இந்தியாவில் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அதற்குப் பதில் டோக்கன்தான். எந்தெந்த இடத்தில் உங்கள் கார்டுக்கு டோக்கன் இருக்கிறது என்பதை வங்கியின் ஆப்பிலேயே பார்த்து நீக்க முடியும்.

செலுத்திய பிறகு கண்காணிப்பது

பரிவர்த்தனைக்கு முன்னும் பின்னும் வங்கி ஆப்பில் 'கிடைக்கும் கேஷ் லிமிட்' எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு, மொத்த லிமிட் 1,00,000, கேஷ் லிமிட் 20,000, பாக்கி எதுவும் இல்லை. வாலட்டில் 5,000 ஏற்றினீர்கள். மொத்த லிமிட் 95,000 ஆகி, கேஷ் லிமிட் 20,000 ஆகவே இருந்தால் அது கொள்முதல். கேஷ் லிமிட்டும் 15,000க்கு இறங்கியிருந்தால் வங்கி அதை ரொக்கமாக எடுத்துவிட்டது. ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருக்காமலே இது தெரிந்துவிடும்.

தெரிந்த அன்றே பணத்தைக் கட்டுங்கள். கட்டணம் திரும்பி வராது. வட்டி ஓடுவது நிற்கும். ஆனால் கார்டில் வேறு பாக்கியும் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் கட்டும் பணம் எதில் முதலில் கழிக்கப்படும் என்பதற்கு ஒவ்வொரு வங்கியும் ஒரு வரிசை வைத்திருக்கிறது. வரி, தவணை, கட்டணம், வட்டி, அதன் பிறகு கொள்முதல், கடைசியில் ரொக்கம் என்று பல வங்கிகளில் வரும். அப்படியானால் ரொக்கத் தொகையை மட்டும் கட்டினால் அது ரொக்கப் பாக்கியைத் தொடாமலே போகலாம். முடிந்தால் மொத்தப் பாக்கியையும் சேர்த்து அடையுங்கள். அமெரிக்காவில் 2009இல் வந்த கார்டு சட்டம், மினிமம் டியூவுக்கு மேல் கட்டும் பணத்தை அதிக வட்டி உள்ள பாக்கிக்கே முதலில் வரவு வைக்கச் சொல்கிறது. அப்படியொரு பாதுகாப்பு இங்கும் வர வேண்டும்.

முழுத் தொகையையும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சின்னதாக ஒரு வட்டி வரலாம். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாள்களுக்கான வட்டி அது. அதையும் விடாமல் கட்டுங்கள். இல்லையென்றால் தாமதக் கட்டணமும் சிபில் பதிவும் சேர்ந்துகொள்ளும்.

கட்டணம் விழுந்துவிட்டதா?

முதலில், எந்த வரி விழுந்திருக்கிறது என்று ஸ்டேட்மென்ட்டில் அடையாளம் காணுங்கள். 'கேஷ் அட்வான்ஸ் ஃபீ 500.00', அதன் கீழே 'ஜிஎஸ்டி 90.00' என்று ஜோடியாக இருந்தால் அது ரொக்க முன்பணம். 'வாலட் லோடு ஃபீ', 'ரென்ட் ஃபீ' என்றிருந்தால் வேறு வகை. 'ஃபைனான்ஸ் சார்ஜ்' என்பது வட்டி.

அடுத்து, உங்கள் வாதம் எவ்வளவு வலுவானது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் மூன்று விஷயங்களில் உங்கள் பக்கம் நிற்கின்றன. கார்டு கொடுக்கும்போது வெளிப்படையாகச் சொல்லாத, உங்கள் ஒப்புதல் பெறாத கட்டணத்தை வங்கி வசூலிக்கக் கூடாது. கட்டணத்தை மாற்றுவதானால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். பில்லை எதிர்த்துப் புகார் செய்தால் 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இவற்றில் ஒன்று மீறப்பட்டிருந்தாலோ, நிஜமாகவே பொருள் வாங்கியது தவறாக ரொக்கமாகப் பதிவாகியிருந்தாலோ உறுதியாக வாதாடலாம். விதிமுறையில் கட்டணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், "எனக்குத் தெரியாது" என்பது உரிமைக் கோரிக்கையாக நிற்காது. ஆனாலும் கேளுங்கள். முதல்முறை என்றும், ஒழுங்காகக் கட்டி வருகிறவர் என்றும் எடுத்துச் சொன்னால் வங்கி சலுகையாக ரத்து செய்ய இடமுண்டு.

மின்னஞ்சலை இப்படி எழுதலாம்:

> பொருள்: கேஷ் அட்வான்ஸ் கட்டணத்தைத் திரும்பத் தரக் கோரி.
>
> ஐயா / அம்மா,
>
> என் கிரெடிட் கார்டில் (கடைசி நான்கு இலக்கம்: ____) ____ தேதியில் ____ ரூபாய்க்கு ____ என்ற சேவையில் பணம் செலுத்தினேன். இதற்குக் கேஷ் அட்வான்ஸ் கட்டணமாக ____ ரூபாயும், வட்டி மற்றும் ஜிஎஸ்டியாக ____ ரூபாயும் விதிக்கப்பட்டுள்ளன.
>
> நான் ரொக்கம் எடுக்கவில்லை. இந்தப் பரிவர்த்தனை ரொக்கமாகக் கருதப்படும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை. இதன் வணிக வகைக் குறியீட்டையும், கட்டணம் விதிக்க ஆதாரமான விதிமுறையின் பகுதியையும், அது எனக்கு எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது என்பதையும் எழுத்தில் தாருங்கள். ஆதாரம் இல்லையெனில் மொத்தத் தொகையையும் திரும்ப வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

'நான் ரொக்கம் எடுக்கவில்லை' என்று எழுதுவதோடு விடாமல், குறியீட்டையும் விதியின் பகுதியையும் தேதியையும் கேட்பதுதான் முக்கியம். பொத்தாம்பொதுவான பதிலைக் கொடுத்து ஒதுங்க முடியாமல் இந்த மூன்று கேள்விகளும் வங்கியை நிறுத்தி வைக்கும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது பில்லைக் கட்டாமல் விடாதீர்கள்.

30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய திட்டம் இது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு அனுப்பிய புகாரின் நகல் கையில் இல்லாமல் அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள்.

ஓடிபி கேட்கும் திரையிலேயே "இது கேஷ் அட்வான்ஸ், கட்டணம் 590 ரூபாய், வட்டி இன்றிலிருந்து" என்று காட்டுவது வங்கிகளால் முடியாத காரியம் அல்ல. குறியீடு அந்த நொடியிலேயே அவர்களிடம் வந்துவிடுகிறது. அப்படிக் காட்ட வேண்டும் என்று கட்டாய விதி வருவதுதான் இதற்கு உண்மையான தீர்வு. புகார்கள் பதிவானால்தான் அந்த விதிக்கு வழி பிறக்கும். தொகை சின்னது என்று விட்டுவிடாமல் எழுதிப் போடுங்கள்.

சுருக்கமாக

- பொருளாக மாறுகிறதா, பணமாகவே நிற்கிறதா என்று முதலில் கேளுங்கள்.
- பதிலை ஆப்பிடம் கேட்காமல் கார்டு கொடுத்த வங்கியிடம், எழுத்தில் வாங்குங்கள்.
- சின்னத் தொகைக்குத்தான் சதவீதக் கணக்கில் செலவு அதிகம்.
- கேஷ் லிமிட் இறங்கியதா என்று அன்றே பாருங்கள். இறங்கியிருந்தால் அன்றே கட்டுங்கள்.
- புகாரில் குறியீடு, விதி, தேதி மூன்றையும் கேளுங்கள். 30 நாள் கழித்துக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.
- பணம் அனுப்பவும் வாலட் ஏற்றவும் வங்கிக் கணக்கு. பொருள் வாங்க மட்டும் கிரெடிட் கார்டு.